ஜன்னலுக்கு வெளியே ஒரு பிரதி

ஃப்ளாப்பியை டிரைவிலிருந்து உருவி, அதன் சூடு ஆறுவதற்குள் ஷமீம் பானு ஜன்னல் திரைக்கு அடியில் தள்ளினாள். அடுத்ததை எடுத்துச் சொருகினாள். மௌஸின் வலது பொத்தான். 'சென்ட் டு'. ஃப்ளாப்பி. பச்சை விளக்கு எரிந்தது. கர்ர்... கர்ர்... என்று டிரைவ் அரைக்க ஆரம்பித்தது. அதற்கும் கீழே, கம்ப்யூட்டர் பெட்டியின் வயிற்றுக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டிக்.

"சத்தம் கூடிக்கிட்டே போகுதுங்க அக்கா. நிறுத்தாமப் போடுங்க" என்றது திரைக்கு அந்தப் பக்கமிருந்த குரல்.

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி."

கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அந்தக் கையை அவளே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. கணவர் போன நாளிலிருந்தே இப்படித்தான். சோறு வாய்க்குள் போகும், ருசி தெரியாது. தண்ணீர் கொதித்துக் கையில் தெறிக்கும், கொஞ்சம் தாமதமாகத்தான் சுடும்.

ஜன்னலுக்கு வெளியே நிற்பது செம்மேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முரளி. குரல் முரளியுடையது. பேச்சும் முரளியுடையது. முரளியின் பைக் வளைவில் திரும்பும்போதே சைலன்சர் ஊரைக் கூட்டும், அந்தச் சத்தத்தைக் கேட்டு நாய்கள் முதலில் குரைக்கும், அப்புறம்தான் ஆள் வந்து சேர்வான். நேற்றும் பைக் சத்தம் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை. நாய் குரைக்கவில்லை. மத்தியானத்திலேயே ஜன்னல் வரைக்கும் ஏறிவந்து நின்றுவிட்ட மூடுபனிக்குள்ளிருந்து, நடந்து வந்த சத்தமே இல்லாமல், அந்தக் குரல் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

திரையை விலக்கிப் பார்க்க முடியாது. பானு இத்தாவில் இருந்தாள். கணவர் இறந்தபின் அவர் வாழ்ந்த வீட்டிலேயே, வேற்று ஆண் முகம் பார்க்காமல் இருக்க வேண்டிய காலம். அதற்காகத்தான் நாத்தனார் நசீபா எல்லா ஜன்னலுக்கும் தடித்த பச்சைத் துணியைத் தைத்து மாட்டியிருந்தாள். துணிக்கும் ஜன்னல் கட்டைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. ஃப்ளாப்பி போவதற்கு அது போதும்.

அவள் கணவர் அப்துல் அலீம் மிளகும் காபியும் வாங்கி விற்றவர். சுற்றியுள்ள மலை ஊர்களான தேவனூர் நாட்டிலிருந்தும் பைல் நாட்டிலிருந்தும் மூட்டை வந்து இறங்கும். கணக்கு எழுதத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். வாங்கிய வாரமே கணக்கு மூலைக்குப் போய்விட்டது. மைக்கைச் சொருகிப் பேசிப் பதிய ஆரம்பித்துவிட்டார். அந்த ரெக்கார்டர் ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்தான் பதியும். அந்த ஒரு நிமிடத்துக்குள் மிளகு விலை ஏறிய கதை, ஜீப் பிரேக் பிடிக்காத கதை, மாமியாரை மாதிரி பேசிக்காட்டுவது என்று எதையாவது பதிந்துவிட்டு, திரும்ப ஓட்டிக் கேட்டுத் தானே சிரிப்பார். படம் பிடித்து மாட்டி வைக்கிற வீடல்ல அது. அவர் இந்த உலகத்தில் இருந்தார் என்பதற்கு அந்தக் குரல்தான் மிச்சம்.

அந்தக் குரல் முழுக்க இருந்தது, டிக் டிக் என்று சாகக் கிடக்கும் இந்த ஒரு டிஸ்க்கில்.

முந்தாநாள் முரளிக்குப் போன் போட்டபோது அவன் வழிகளைப் பொறுமையாகச் சொன்னான். ஃப்ளாப்பியில் எடுக்கலாம், ஆனால் ஒன்றில் ஒரு நிமிடப் பேச்சுதான் அடங்கும். சிடியில் எடுக்கலாம், அதற்குக் கீழே போய் ரைட்டர் வாங்கிவர வேண்டும். இன்னொரு டிஸ்க் மாட்டலாம், ஆனால் அது அதே பெட்டிக்குள் இருக்கும், இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். கடைசியாகச் சொன்னதுதான் அவள் மனதில் தங்கியது.

"எதுல எடுத்தாலும் ஒரு பிரதி வேற ஊட்டுல இருக்கோணுமுங்க அக்கா. ஒரே ஊட்டுல ரெண்டு வெச்சிருந்தா அது வெச்ச மாதிரியே இல்லீங்க."

மறுநாள் காலை நசீபா தன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவதாகக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் பஸ் ஏறினாள். அவள் மலை இறங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம்தான் அந்தக் குரல் முதன்முதலாக ஜன்னலுக்கு வந்தது. வேற ஊட்டுல வெக்கறதுக்குக் குடுங்க அக்கா, என்றது.

நேற்று கொடுத்தது வேறு ஃபைல்கள். இன்றைக்குத்தான் அலீமுடையது.

"அத்தா, பதியுதா? நான் பேசட்டுமா?"

முதுகுக்குப் பின்னால் கட்டிலிலிருந்து நாசியா கேட்டாள். பானு திரும்பவில்லை. இல்லாத அப்பாவிடம் மகள் இதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். 'பதியுதா'வுக்கு முன்னால் மூக்கை ஒருமுறை உறிஞ்சுவாள். 'பேசட்டுமா'வில் குரல் மேலே ஏறும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உறிஞ்சல், அதே இடத்தில் ஏற்றம்.

அந்தக் கேள்வி முடியும் இடத்தில் ஒவ்வொரு தடவையும், எங்கோ தூரத்தில் அடைத்த கதவுக்கு அப்பாலிருந்து வருவது போல, குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கும்.

சமையலறையில் அடுப்பு எரியவில்லை. குக்கர் கவிழ்த்து வைத்தபடி பரணில் கிடந்தது.

பானு அதைப் பற்றி யோசிக்கவில்லை. அடுத்த ஃப்ளாப்பியைச் சொருகினாள்.

பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் மனைவி சென்னம்மாள். நசீபா வரும் வரை அவள்தான் வேளைக்கு ஏதாவது கொண்டுவந்து வைக்கிறாள். நனைந்த கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தூக்குப்போசியோடு படியில் நின்றாள். சாமைச் சோறும் கொள்ளுப் பருப்பும். ஒரு ஆளுக்கானது.

இன்னும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாமே என்று பானு வாயைத் திறந்தாள். சென்னம்மாளின் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போனது. அங்கிருந்து கட்டில் தெரியாது. பானு வாயை மூடிக்கொண்டாள்.

"யாருகூடப் பேசிட்டு இருந்தீங்க அம்மிணி?"

கம்ப்யூட்டர்காரத் தம்பி ஜன்னலோரம் நிற்கிறான் என்று பானு சொன்னாள். சென்னம்மாள் கோணிப்பையை இழுத்து விட்டுக்கொண்டாள். தான் அந்தப் பக்கமாகத்தான் சுற்றி வந்ததாகச் சொன்னாள்.

"அங்க ஒருத்தருமில்லீங்க சாமி. காடெல்லாம் தண்ணி ஓடுது. சன்னலுக்குக் கீழ மட்டும் ஒரு ஆளு நிக்கற அளவுக்கு மண்ணு பொடிப் பொடியாக் காஞ்சு கெடக்குது. எனக்கு அது புடிக்கலீங்க. எங்க ஊட்டுக்கு வந்துருங்க."

இத்தா முடியாமல் படி தாண்டக் கூடாது என்று பானு சொன்னாள். சென்னம்மாளுக்கும் அது தெரியும். தூக்குப்போசியைப் படியில் வைத்தாள். திரும்பிப் போகும்போது வந்த வழியாகப் போகவில்லை. மிளகுக் கொடிகளுக்குள் புகுந்து, வழுக்கும் சரிவில் கையை ஊன்றி இறங்கிப் போனாள்.

பானு நாற்காலிக்குத் திரும்பினாள். ஜன்னல் கட்டையில் கையை வைத்தாள். ஈரமில்லை. நேற்றிலிருந்து மழை சாய்ந்து அடிக்கும் பக்கம் அது.

போன் அடித்தது.

மறுமுனையில் இரைச்சல். ரைட்டர் வாங்கக் கீழே இறங்கியிருந்த முரளி, நசீபா வீட்டிலிருந்து பேசினான்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா. நேத்தே வாரேன்னு சொன்னனுங்க. ரைட்டரெல்லாம் வாங்கியாச்சு. கொண்டை ஊசி வளைவுல மண்ணு சரிஞ்சு ரோடே மூடிக் கெடக்குது. ஒரு வண்டி மேல ஏற முடியலீங்க. சிஸ்டத்தைப் போடாம அப்படியே வெச்சிருக்கீங்களா?"

பானு ஜன்னல் திரையைப் பார்த்தாள். அது அசையவில்லை.

"தெரியும் தம்பி" என்றாள்.

வெளியே நிற்பது முரளி இல்லை என்பது அவளுக்கு நேற்று சாயங்காலமே தெரிந்திருந்தது.

"என்னங்க தெரியும்?" முரளி கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. மூக்கு உறிஞ்சல். அத்தா, பதியுதா. நான் பேசட்டுமா. விசில்.

அது முரளிக்கும் கேட்டது. குரலைத் தணித்துக்கொண்டான். "அக்கா, ஃபைலை ஓட்டிக் கேக்காதீங்க. டிஸ்க்கு தாங்காது. உங்க மனசும் தாங்காது. நான் வந்து எடுத்துத் தாரேனுங்க."

கம்ப்யூட்டர் திரையில் நகல் எடுக்கும் பட்டை மட்டும்தான் நகர்ந்துகொண்டிருந்தது. எந்த ஃபைலும் ஓடவில்லை. ஸ்பீக்கரின் வயர் மேசையில் கழன்று கிடந்தது. பானு சரி தம்பி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"யாருங்க அது?" என்றது வெளியே.

அந்த இரண்டு சொல்லில் முரளியின் குரல் கொஞ்சம் குறைந்திருந்தது. அடியில் வேறொரு கனம் ஏறியிருந்தது. மிளகுத் தூசி ஏறிய தொண்டை. கேள்வி கேட்டுவிட்டு ஒருமுறை கனைத்தது.

அது அலீமின் கனைப்பு.

அவளுடைய முழங்கையிலிருந்து கழுத்து வரை ஏதோ ஊர்ந்து ஏறியது. பயம்தான். ஆனால் அது பக்கத்து வீட்டில் நடக்கிற சண்டை மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நிறுத்திவிடலாம். பெட்டியின் சுவிட்சைத் தட்டினால் போதும். போட்டிருந்த ஃப்ளாப்பி முடிந்திருந்தது. உருவினாள். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை நிமிடங்கள் பேசிய மனிதர், பானு என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஃபைலில்தான். அவள் எப்போதும் சமையலறைப் பக்கம்தான் இருந்தாள். கம்ப்யூட்டர் அறை அவர்கள் இருவருடைய ராஜ்ஜியம், அத்தாவும் மகளும். எந்தப் பதிவிலும் அவள் பேச்சு கிடையாது. ஒரே ஒருநாள், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே, "பானு, கொஞ்சம் வாயேன், இந்தப் பிள்ளை உன்னை மாதிரியே பேசுறா பாரு" என்று கூப்பிட்டார். அவள் கை ஈரம் என்று போகவில்லை. அந்த ஃபைல் பட்டியலில் கடைசியாக இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் அந்தத் தொண்டை ஒருமுறை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒருமுறை கேட்டால் போதும், தனக்குள் உறைந்து கிடப்பது உருகிவிடும் என்று அவள் நம்பினாள். இல்லாவிட்டால் கட்டிலில் இருப்பதோடு இன்னொரு ராத்திரி தனியாக இருக்க வேண்டும். அது அவளால் முடியாது.

ஃப்ளாப்பியைத் தள்ளினாள்.

இந்தத் தடவை விரல்களைப் பார்த்தாள். முதல் தடவையாக. திரையின் கீழ் விளிம்பில் நான்கு விரல்கள் வந்தன. நகத்தில் அழுக்கில்லை. நன்றாகக் கழுவிய விரல்கள். மோதிர விரலின் அடியில் வெளுத்த வட்டம், பல வருஷம் போட்ட மோதிரத்தின் தடம். அலீமின் உடலைக் குளிப்பாட்டியவர்கள் சோப்புப் போட்டு அந்த மோதிரத்தைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்தார்கள். அது பீரோவில் இருக்கிறது.

விரல்கள் ஃப்ளாப்பியை மெதுவாக இழுத்துக்கொண்டன. அடக்கத் துணியில் தூவும் கற்பூரத்தின் வாசனை வந்தது. அதற்கு மேல் ஈர மண்.

"அடுத்தது" என்றது. இப்போது முரளி கொஞ்சமும் இல்லை. அக்கா இல்லை. 'ங்க' இல்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பனி சாம்பல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறியது. மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியது. யுபிஎஸ் கீச்சென்று கத்தி அடங்கியது. டிக் இப்போது இடைவெளியில்லாமல் வந்தது. டிக் டிக் டிக். அலமாரியில் இருந்த சொம்பில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. பானு சொருகினாள், உருவினாள், தள்ளினாள். மாமியார் மாதிரி பேசியதைக் கொடுத்தாள். ஜீப் கதையைக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் போகப் போக, வெளியே ஒரு பெரிய உடம்பு சுவரில் சாய்ந்து, எடை மாற்றி நின்றது. ஓட்டுச் சரிவின் கீழ் மூச்சு விட்டது. ஒருதடவை சிரித்தது. தானே பேசித் தானே கேட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு.

கட்டிலின் மரம் கிறீச்சிட்டது. நாசியா எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசி ஃபைல்.

வலது பொத்தான். சென்ட் டு. பட்டை பாதி வரை நகர்ந்தது. நின்றது.

டிக். டிக். டிக்.

நீலமாக ஒரு கட்டம் வந்தது. இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை.

மறுபடி கொடுத்தாள். மறுபடி நீலம். மறுபடி கொடுத்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இது ஒன்று மட்டும். அல்லாஹ்வே, இது ஒன்று மட்டும்.

பெட்டிக்குள் ஏதோ உரசி, தேய்ந்து, நின்றது.

டிக் சத்தம் போய்விட்டது. திரை கறுத்தது. அறையில் இவ்வளவு நேரமும் எத்தனை சத்தம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மழைகூட இல்லை.

"போதும்" என்றது வெளியே.

காலடி. முதல் தடவையாகக் காலடி. ஈர மண்ணில் செருப்பில்லாத கால், பொத், பொத் என்று, சுவரையொட்டி நகர்ந்தது. சமையலறை ஜன்னலைத் தாண்டியது. குழாயடியைத் தாண்டியது. வாசலுக்கு வந்தது. நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் கனைப்பு.

பானு நாற்காலியிலிருந்து எழுந்தாள். அலீம் வந்துவிட்டார். கதவைத் தட்டமாட்டார், வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்வார். இருபத்தோரு வயதிலிருந்து கேட்ட வழக்கம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உள்ளே யாரு?" என்றார்.

"நான்தான்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான்தான்ங்க. பானு."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு யோசனை. அந்தப் பெயரை அங்கே வைத்துப் புரட்டிப் பார்ப்பது போல. எங்கேயும் பொருந்தவில்லை.

"உள்ளே யாரு?"

அதே இறக்கம். அதே கனைப்பு. எழுத்துக்கு எழுத்து.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. சின்னப் பாதங்கள் சிமெண்டுத் தரையில் இறங்கின. நாசியா அவளைக் கடந்து போனாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பாவாடையிலிருந்தும் கற்பூரம் அடித்தது. அந்தப் பிள்ளைக்கும் அம்மா என்ற சொல் தெரியாது. நேற்று கொடுத்த அவளுடைய ஃபைல்கள் எதிலும் அது இல்லை.

மூக்கு உறிஞ்சல்.

"அத்தா, பதியுதா? நான் பேசட்டுமா?"

விசில்.

வெளியே அவர் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு.

நாசியா குதிகாலை உயர்த்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். கதவு திறந்தது. பனி முதலில் வந்தது. அப்புறம் அவர். வெள்ளைத் துணியை இடுப்பில் சுற்றியிருந்தார். நெற்றியிலிருந்து தாடை வரை முகம் அலீமின் முகம்தான், ஒரு பக்கம் மட்டும் கரைந்து நின்ற மாதிரி, முழுசாகாமல் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் சதுரம் சதுரமாக நகர்ந்துகொண்டிருந்தது. நாசியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பி, அந்த வீட்டுக்குள் நிற்கும் பெண்ணைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல.

பானுவின் கை தானாக மேலே போனது. முந்தானையை இழுத்து, வேற்று ஆணுக்கு முன்னால் மறைப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டாள். துணிக்குள் இருட்டாக இருந்தது. பாதங்கள் உள்ளே வந்தன. பெரியது இரண்டு. சின்னது இரண்டு.

அவர்கள் இருவரும் போன ஜீப் உருண்ட மறுநாள், காளப்பநாயக்கன்பட்டி மையவாடியில் இரண்டு குழி வெட்டினார்கள். சின்னக் குழியைப் பெரிய குழியை ஒட்டியே வெட்டச் சொன்னவள் பானுதான். அந்தப் பிள்ளை அத்தாவை விட்டுத் தூங்காது.